மாஸ்டர் உன் மேஜைக்கு வரும்போது

தியானப் பகுதி: ஆதியாகமம் 32-ம் அதிகாரம்

 

இந்த மாதம் ஒரு சதுரங்கப் பலகையை வைத்து உங்களோடு பேசும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையிலே செஸ் விளையாட்டா?" என்று சிலர் நெற்றியைச் சுருக்குவீர்கள். நானும் அப்படிச் சுருக்கினவன்தான். சுருக்கினதோடு நிற்காமல், ஒரு சின்னப் பையனுக்கு வந்த வாய்ப்பை என் கையாலேயே தட்டிவிடப் பார்த்தேன். கர்த்தர் என்னை ஒரு இராத்திரியில் பிடித்துக்கொண்டார். அந்த சாட்சியைத்தான் எழுதுகிறேன்.

உபவாச ஜெபமா, சதுரங்கமா?

2022-ம் வருஷம் ஜூலை மாதம். 44-வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்கவேண்டியது. உக்ரைன் யுத்தத்தினால் அங்கிருந்து எடுக்கப்பட்டு, ஒருவரும் நினையாத விதமாய் நம்முடைய மாமல்லபுரத்துக்கு வந்தது. ஜூலை 28-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 10 வரைக்கும் நடந்தது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்கே கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்டு வர்ணம் பூசினார்கள். வேஷ்டி கட்டின குதிரைக்குத் "தம்பி" என்று பேர் வைத்து எங்கே பார்த்தாலும் நிறுத்தினார்கள். அரசுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி நடந்தது. எங்கள் திருவண்ணாமலையிலும் அதே பேச்சுதான். பௌர்ணமிக்கு ஜனங்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிற அந்தப் பாதையில், டீக்கடை பெஞ்சில்கூட இரண்டு பையன்கள் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் சபையில் ஒரு சகோதரி. அந்தக் கிரிவலப் பாதையில் தள்ளுவண்டியில் இட்லி வியாபாரம் செய்கிறவர்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் புருஷன் நித்திரையடைந்தார். ஒரே மகன், எட்டாம் வகுப்பு. அந்தச் சகோதரி ஆராதனைக்கு வருவார்கள், காணிக்கை போடுவார்கள், ஆனால் வாய் திறந்து ஜெபிக்கமாட்டார்கள். ஒரு நாள் வீடு சந்திக்கப் போனபோது கேட்டேன். "ஜெபிக்கறதில்லீங்க ஐயா. நான் ஆண்டவரோட சண்டை போட்டுக்கிட்டிருக்கேன். நாப்பது நாள் உபவாசம் இருந்தும் ஏன் எடுத்துக்கிட்டாருன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். அவரும் பதில் சொல்லல, நானும் விடல" என்றார்கள். பிரியமானவர்களே, எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததுபோல நான் எதையும் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சகோதரி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு செஸ் மாஸ்டர் வருகிறாராம். ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகளோடு ஆடப்போகிறாராம். பேர் கொடுத்திருந்த ஒரு பையனுக்குக் காய்ச்சல். அந்த இடம் காலியாகிவிட்டது. "நீ வர்றியாடா?" என்று பள்ளிக்கூடத்து பி.டி. சார் இவனைக் கேட்டிருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

நாளைக்குச் சனிக்கிழமை. சபையில் உபவாச ஜெபம்.

நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "விசுவாசி வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு என்னத்துக்கு அம்மா? உபவாச ஜெபத்துக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அம்மாவுக்குப் பின்னாலே போனான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், இரட்சிக்கப்படுவதற்கு முன்னே எனக்குச் செஸ் பைத்தியம். பந்தயம் வைத்து ஆடுவேன். வேலைக்குப் போகாமல் ஆடுவேன். வாங்கின கூலி பலகையிலேயே போய்விடும். ஆண்டவர் என்னைத் தொட்ட நாளில் அந்தப் பலகையையும் காய்களையும் அடுப்பில் போட்டேன். அது எனக்குச் சரி. என்னைக் கட்டிப்போட்ட கயிற்றை நான் எரிக்கத்தான் வேண்டும். ஆனால் எனக்குக் கயிறாக இருந்தது அந்தப் பிள்ளைக்கும் கயிறுதானா என்று நான் கர்த்தரிடத்தில் கேட்கவே இல்லை.

அந்த இராத்திரி

மறுநாள் செய்திக்கு ஆயத்தம் பண்ண வேதத்தைத் திறந்தேன். யாக்கோபு யாப்போக்கு ஆற்றங்கரையில் இருக்கிற பகுதி. எத்தனையோ தடவை பிரசங்கித்த பகுதிதான். அன்றைக்குப் பழைய செஸ் பைத்தியக்காரன் கண்ணால் படித்தேன்.

தேவ ஜனமே, யாக்கோபைப் பாருங்கள். அவன் வாழ்க்கை முழுக்க ஆட்டக்காரன். அண்ணன் பசியாயிருந்த நேரம் பார்த்து ஒரு காயை நகர்த்தினான், சேஷ்டபுத்திரபாகம் கைக்கு வந்தது. தகப்பன் கண் மங்கியிருந்த நேரம் பார்த்து இன்னொரு காயை நகர்த்தினான், ஆசீர்வாதம் கைக்கு வந்தது. மாமன் லாபானோடு இருபது வருஷம் ஆடினான். லாபானும் லேசுப்பட்டவன் அல்ல. கடைசியில் யாக்கோபுதான் மந்தையோடு புறப்பட்டு வந்தான்.

இப்போது ஏசா நானூறு பேரோடு எதிரே வருகிறான். உடனே யாக்கோபு பலகையை விரிக்கிறான். தன் கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறான். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சுமே! பிறகு ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை என்று வகைவகையாய்ப் பிரித்து, இடைவெளி விட்டு விட்டு, வரிசையாய் முன்னே அனுப்புகிறான். ஆடுகள் மாத்திரம் நானூற்று நாற்பது! சிப்பாய்களையெல்லாம் முன்னே தள்ளி ராஜாவைப் பின்னாலே ஒளித்து வைக்கிறதைப்போல, எல்லாரையும் ஆற்றுக்கு அந்தப்பக்கம் அனுப்பிவிட்டு இவன் இந்தப்பக்கம் இருக்கிறான்.

ஏசாவுக்காக எல்லாக் காயையும் அடுக்கி வைத்தாயிற்று. அப்போது வந்தது யார்? ஏசா அல்ல. அவன் நினைத்தே பார்க்காத ஒருவர் அந்த இருட்டில் வந்து அவனைப் பிடித்தார்.

அல்லேலூயா! நாம் ஆயத்தமாயிருக்கிற எதிராளி ஒருவன், வந்து நிற்கிறவர் வேறொருவர்.

அந்த இடத்தில் என் இருதயம் குத்தப்பட்டது. "நான் ஒருவனுக்கு மாஸ்டரோடு உட்கார வழி திறக்கிறேன், நீ ஏன் கதவைச் சாத்துகிறாய்?" என்று கர்த்தர் என் உள்ளத்தில் உணர்த்தினார். நித்திரை வரவில்லை. விடியற்காலமே மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, நேத்து நான் சொன்னது தப்பு. தம்பி போகட்டும்" என்றேன்.

பையன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தால் பயம் வந்தது. "ஐயா, நான் தோத்துடுவேன்."

"ஆமாண்டா தம்பி, தோத்துத்தான் போவே. அவர் மாஸ்டர். நீ போன வருஷம் கத்துக்கிட்டவன். தோக்கறதுக்காகவே போய் உட்காரு" என்றேன். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து அவனுக்கு ஒரு மனுஷனைப்பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

கடைசி இடத்திலிருந்து வந்த ஆசீர்வாதம்

அவர் பெயர் மானுவேல் ஆரோன். 1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர் என்று சொல்ல ஒருவர்கூடக் கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது, பயிற்சி கொடுக்கிறவர் கிடையாது, வெளிநாட்டுச் செஸ் புத்தகம் கையில் கிடைப்பதே அபூர்வம். 1961-ல் இவர் மண்டலப் போட்டிகளில் மங்கோலியாக்காரரை ஜெயித்து, பிறகு ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அதோடு உலகப் பெரிய ஆட்டக்காரர்கள் கூடுகிற ஸ்டாக்ஹோம் இன்டர்சோனல் போட்டிக்குக் கதவு திறந்தது. வருஷம் 1962.

அங்கே போனவர்கள் 23 பேர். ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஆடவேண்டும். 22 ஆட்டம். அமெரிக்காவின் பாபி பிஷர் அந்த அரங்கத்தில் இருந்தார். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பதினேழரைப் புள்ளி எடுத்து முதலாவது வந்தார். நம்முடைய ஆரோன் எத்தனையாவது தெரியுமா? இருபத்துமூன்றாவது. கடைசி. எடுத்தது 4 புள்ளி.

கடைசி இடம் என்றவுடன் நாம் பேப்பரை மடித்து வைத்துவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். அந்த நாலு புள்ளிக்குள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹங்கேரி தேசத்து கிராண்ட்மாஸ்டர் லாயோஸ் போர்டிஷை அவர் ஜெயித்தார். கிழக்கு ஜெர்மனியின் கிராண்ட்மாஸ்டர் வோல்ப்காங் உல்மனையும் ஜெயித்தார். இரண்டு பேரும் உலகம் அறிந்த ஜாம்பவான்கள். "எனக்கு அங்கே என்ன வேலை, தோற்றுப் போவேனே" என்று அவர் ஊரிலேயே இருந்திருந்தால் கடைசி இடம் என்கிற அவமானம் வந்திராது. அந்த இரண்டு ஜெயமும் வந்திராது.

அதோடு முடியவில்லை. 1972-ல் சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் இந்த ஆரோன்தான். சில வருஷங்கள் கழித்து அந்தக் கிளப்புக்கு ஒரு சின்னப் பையன் வர ஆரம்பித்தான். அவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பிற்பாடு ஐந்து தடவை உலக சாம்பியன். 2013-ல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் ஆடினபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஏழு வயதுப் பிள்ளைகளில் ஒருவன் குகேஷ். 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், அந்தக் குகேஷ் உலக சாம்பியன் ஆனதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். கடைசி இடத்தில் வந்த ஒரு மனுஷன் பலகையை விட்டு ஓடாமல் இருந்ததற்குப் பின்னாலே எத்தனை ஆசீர்வாதம் தொடர்ந்து வந்தது பாருங்கள்!

2022-ல் நான் தம்பிக்குச் சொன்னது ஆனந்த் வரைக்கும்தான். அவன் பையை எடுத்துக்கொண்டு பி.டி. சாரோடு புறப்பட்டுவிட்டான். நான் உபவாச ஜெபத்துக்குப் போனேன். அவன் அம்மாவும் வந்து தூணோரமாய் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

மாஸ்டர் வந்து நின்றால் ஆடவேண்டும்

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சாட்சி நேரம். தம்பி ஓடி வந்தான். "சாட்சி சொல்றியாடா?" என்று கேட்டேன். முன்னாலே வந்து நின்றான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே தருகிறேன்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மேஜையெல்லாம் சதுரமா போட்டிருந்தாங்க. நாங்க வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர் உள்பக்கம் நடந்துக்கிட்டே வருவாரு. அவர் தூரமா இருக்கும்போது எவ்ளோ வேணா யோசிக்கலாம். ஆனா நம்ம மேஜைக்கு வந்து நின்னா உடனே காய நகர்த்தணும். இரண்டு தடவ எனக்கு யோசிச்சே முடியல. அவரு வந்து நின்னுட்டாரு. கை நடுங்கிச்சு. ஆனா நகர்த்திட்டேன். முப்பத்தோராவது மூவ்ல எனக்கு வழியே இல்ல. ராஜாவச் சாய்ச்சு கை குடுத்தேன். தோத்துட்டேன். எல்லாரும் முடிஞ்சப்புறம் அவரு திரும்ப வந்தாரு. என் பக்கத்துல சேர் போட்டு உட்கார்ந்தாரு. காயெல்லாம் மறுபடி அடுக்கி, 'இங்க நீ பயந்து குதிரைய பின்னால எடுத்தே. முன்னால வந்திருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்'னு காட்டுனாரு. என் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாரு. அவ்ளோதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

சபையில் கை தட்டினார்கள். தோற்றுப்போனதற்குச் சாட்சி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை!

தேவ ஜனமே, அந்தப் பிள்ளை சொன்னதில் மூன்று காரியங்களை ஆவியானவர் எனக்குக் காட்டினார்.

முதலாவது, சந்திப்பின் காலத்தை அறியவேண்டும். இருபது மேஜை. மாஸ்டர் ஒருவர். உன் மேஜைக்கு அவர் வருகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது "இன்னும் யோசிக்கிறேன், பிறகு வாங்க" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இயேசு எருசலேமைப் பார்த்து அழுதபோது, அது தன்னைச் சந்திக்கும் காலத்தை அறியாமற்போனதற்காகத்தான் அழுதார் (லூக்கா 19:41-44). யாக்கோபைச் சந்திக்கத் தேவன் பெத்தேலுக்கு ஒருதரம் வந்தார். இருபது வருஷம் கழித்து யாப்போக்குக்கு வந்தார். உன் மேஜைக்கு அவர் எத்தனை தரம் வந்து நின்றிருக்கிறார்? ஒரு கூட்டத்தில், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலண்டை, ஒரு கல்லறைத் தோட்டத்தில் அவர் வந்து நிற்கவில்லையா? கை நடுங்கினாலும் பரவாயில்லை. ஒரு காயையாவது நகர்த்து. "ஆண்டவரே" என்று ஒரு வார்த்தையாவது சொல்லு.

இரண்டாவது, தனித்திருக்கவேண்டும். மேஜைக்குப் பின்னாலே அம்மா நிற்கலாம், சார் நிற்கலாம். ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, காயைத் தொடக்கூடாது. யாக்கோபும் மனைவிகளையும் பதினொரு பிள்ளைகளையும் ஆற்றைக் கடக்கப்பண்ணி, பிந்தித் தனியாயிருந்தான். அப்போதுதான் அவர் வந்தார். பாஸ்டர் ஜெபம் உனக்கு உதவி செய்யும். சபையின் ஜெபம் உதவி செய்யும். ஆனால் உனக்கும் அவருக்கும் நடுவிலே உள்ள பலகையில் பாஸ்டர் காய் நகர்த்த முடியாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை நான் அந்தத் தப்பைத்தான் செய்யப் பார்த்தேன். ஆண்டவர் என்னை மன்னித்தார்.

மூன்றாவது, ராஜாவைச் சாய்க்கவேண்டும். இதைக் கவனமாய்ப் படியுங்கள். யாக்கோபு விடியுமளவும் போராடினான். அவர் அவனுடைய தொடைச்சந்தைத் தொட்டார், அது சுளுக்கிப்போயிற்று. தொடை போன மல்லன் எப்படி மல்லுக்கட்டுவான்? இனி அவனுக்கு ஒரு வித்தையும் மிச்சமில்லை. அப்போது என்ன செய்தான்? இரண்டு கையாலும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஆசீர்வதிக்கும்வரைக்கும் விடமாட்டேன் என்றான். ஓசியா தீர்க்கதரிசி சொல்லும்போது, அவன் அழுது கெஞ்சினான் என்கிறார் (ஓசியா 12:4). ஆட்டத்தை விட்டான், ஆளை விடவில்லை. அதுதான் அவன் ஜெயம்!

அவர் அவனிடத்தில் உன் பேர் என்ன என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா? முன்னே ஒருதரம் குருட்டுத் தகப்பன் நீ யார் என்று கேட்டபோது இவன் ஏசா என்று பொய் சொன்னான் (ஆதியாகமம் 27:19). இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் உண்மைப் பேரைச் சொல்லுகிறான். யாக்கோபு. எத்தன். தன் ராஜாவைத் தானே சாய்க்கிறான். அந்த நிமிஷமே புதுப் பேர் வந்தது. இஸ்ரவேல்! சூரியன் உதித்தது. அவன் நொண்டி நொண்டி நடந்தான். கடைசிவரைக்கும் அவன் கையில் கோல் இருந்தது. மரிக்கும்போதுகூட அந்தக் கோலின்மேல் சாய்ந்து தொழுதுகொண்டான் என்று எபிரெயர் 11:21-ல் வாசிக்கிறோம். மாஸ்டரின் கையெழுத்து அவன் தொடையில் இருந்தது!

எல்லா எதிராளியும் ஒன்றல்ல

இங்கே ஒரு எச்சரிப்பையும் எழுதவேண்டும். பிசாசானவனுக்கு ராஜாவைச் சாய்க்காதே. அவனுக்கு எதிர்த்து நிற்கும்படிதான் வேதம் சொல்லுகிறது. அப்போது அவன் ஓடிப்போவான் (யாக்கோபு 4:7). குடி, சூதாட்டம், விபசாரம் உன் மேஜைக்கு வந்தால் அங்கே உட்காராதே. ஆனால் உன் கேள்வியோடும் கண்ணீரோடும் நீ மல்லுக்கட்டுகிறவர் தேவன் என்று தெரிந்தால், எழுந்து போய்விடாதே. அவர் உன்னை நசுக்குகிறதற்காக வரவில்லை.

நம்முடைய துக்கங்களெல்லாம் தேவன் அனுப்பினது என்றும் நான் சொல்லமாட்டேன். 2024 டிசம்பர் 1-ந் தேதி புயல் மழையில் எங்கள் ஊர் மலை சரிந்து, ஒரு வீட்டில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்த வாரம் இந்த ஊரில் எந்த வீட்டிலும் சரியாகச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டவர்களுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. கோவிலுக்குப் போகிறவர்களும் சபைக்கு வருகிறவர்களும் ஒன்றாய் அழுதோம். ஆனால் ஒன்று சொன்னேன்: இந்தக் கேள்வியை ஆண்டவரிடத்திலேயே கொண்டுபோங்கள். அவரோடு சண்டை போடுகிறவன் அவருக்குக் கிட்டத்தான் இருக்கிறான். பேசாமல் எழுந்து போகிறவன்தான் தூரமாய்ப் போகிறான்.

தூணோரத்தில் இருந்த சகோதரி

தம்பி சாட்சி சொல்லி முடித்துத் தன் இடத்துக்குப் போனான். நான் அடுத்த பாட்டுக்குச் சொல்ல வாய் திறந்தேன். தூணோரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சகோதரி முழங்காலில் நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக மூடியிருந்த வாய் திறந்தது. பெரிய ஜெபம் அல்ல. "ஆண்டவரே, என்னால முடியல. உங்களோட சண்டை போட எனக்கு பெலன் இல்ல. நீங்க போயிடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவ்வளவுதான். சபை முழுவதும் அசைந்தது. அன்றைக்கு நான் ஆயத்தம் பண்ணின செய்தியைப் பிரசங்கிக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

பிற்பாடு அவர்கள் என்னிடத்தில் சொன்னது இதுதான்: "ஐயா, எம்புள்ள தோத்துட்டு சிரிச்சிக்கிட்டே வந்தான். அந்த மாஸ்டரு திரும்ப வந்து பக்கத்துல உட்கார்ந்தாருன்னு சொன்னான் பாருங்க, அங்க எனக்கு ஒடஞ்சிபோச்சு. நான் இவ்ளோ நாளும் ஆண்டவர் எதிர்ல நிக்கறாருன்னே நெனச்சேன். பக்கத்துல வந்து உட்காருவாருன்னு நெனைக்கல. அதான் நானும் ராஜாவச் சாய்ச்சுட்டேன்."

புருஷன் திரும்ப வரவில்லை. கேள்விக்குப் பதிலும் வரவில்லை. தள்ளுவண்டியும் அதேதான். பௌர்ணமி இரவுகளில் இன்றைக்கும் அந்தப் பாதையில் இட்லி விற்கிறார்கள். வெறுங்காலோடு நடந்து களைத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "உட்காருங்க, கொஞ்சம் ஆறிட்டுப் போங்க" என்கிறார்கள். அவர்கள் நடையில் ஒரு நொண்டல் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நொண்டல். ஆனால் சூரியன் உதித்திருக்கிறது. அல்லேலூயா!

நீ என்ன செய்யப்போகிறாய்?

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உன் வாழ்க்கையில் எந்த ஏசாவுக்காக நீ காய்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாய்? கடன்காரனா? வேலை செய்கிற இடத்தில் மேலதிகாரியா? சொத்துக்காக வழக்குப் போட்ட சொந்த அண்ணனா? ஆடுகளை முன்னே அனுப்பி, மாடுகளைப் பின்னே அனுப்பி, இராத்திரியெல்லாம் கணக்குப் போடுகிறாயா? போடு, தப்பில்லை. ஆனால் இந்த இராத்திரியில் உன்னைத் தேடி வருகிறவர் ஏசா அல்ல. ஏசாவை நீ நாளைக்குச் சந்திக்கும்போது அவன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழலாம். யாக்கோபுக்கு அப்படித்தான் நடந்தது (ஆதியாகமம் 33:4). முந்தி மாஸ்டரோடு உட்கார்ந்து எழுந்திரு.

பெற்றோரே, ஊழியக்காரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறக்கும்போது உடனே ஆம் என்றும் சொல்லாதிருங்கள், உடனே இல்லை என்றும் சொல்லாதிருங்கள். ஒரு இராத்திரி முழங்காலில் நில்லுங்கள். உங்கள் பழைய காயத்தை அளவுகோலாய் வைத்து அவர்களை அளக்காதிருங்கள்.

இருக்கிற இடத்திலேயே முழங்கால்படியிட்டு என்னோடு ஜெபிப்பீர்களா?

"அன்பின் பரம தகப்பனே, நான் என் புத்தியினால் ஆடி ஆடிக் களைத்துப்போனேன். இன்றைக்கு நீர் என் மேஜைக்கு வந்து நிற்கிறீர். என் உண்மைப் பேரை உமக்குச் சொல்லுகிறேன். சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்த என் 'நான்' என்கிற ராஜாவைச் சாய்க்கிறேன். எனக்கு விளங்காத காரியங்களை உம்முடைய கையில் விடுகிறேன். ஆனால் உம்மை விடமாட்டேன். என்னைத் தொடும். நொண்டியாய் நடந்தாலும் உம்மோடே நடக்க எனக்குக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே, ஆமென்."

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!

உங்களுக்காக ஜெபிக்கிற,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
திருவண்ணாமலை.